முகூர்த்தம் பெரிதா? மூச்சு பெரிதா?

நம் நாட்டில் ஒரு வீட்டில் தீராத நோயும், செய்ய வேண்டிய கல்யாணமும் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்துவிட்டால், அந்த வீட்டாருக்குப் புத்தி சொல்ல வராத ஆள் ஊரில் பாக்கியிருக்க மாட்டான். நோயைப் பற்றி ஓர் எழுத்தும் அறியாதவன் நோய்க்குக் காரணம் சொல்லுவான். பெண்ணின் முகத்தையே பார்த்திராதவன் அவளுக்கு நாள் குறித்துக் கொடுப்பான். இந்த இரண்டு தொழிலுக்கும் வேண்டிய மூலதனமெல்லாம் ஒரு பஞ்சாங்கமும், கொஞ்சம் துணிச்சலும், கேட்கிறவனுடைய பயமுமேயாகும். முதல் இரண்டையும் உடனே ஒழிக்க முடியாவிட்டாலும், மூன்றாவதையாவது ஒழிக்க முடியுமா என்று பார்ப்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

நோயின் சங்கதி

நாம் இங்கு எடுத்துக் கொண்ட நோய்க்கு டாக்டர்கள் இட்டிருக்கும் பெயர் ஏ.எல்.எஸ். என்பதாகும். முழுப் பெயர் அமியோட்ரோபிக் லேட்டரல் ஸ்கிலரோசிஸ் என்று வாயில் நுழையாமல் நீளும். பெயர் நுழையாவிட்டால் குற்றமில்லை. சங்கதி தெரிந்தால் போதும். நாம் கையைத் தூக்க வேண்டுமானாலும், காலை எடுத்து வைக்க வேண்டுமானாலும், சோற்றை விழுங்க வேண்டுமானாலும் மூளையிலிருந்து உத்தரவு புறப்பட்டு, நரம்புகளின் வழியாகத் தசைக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த உத்தரவைச் சுமந்து செல்லும் நரம்பணுக்கள் கொஞ்சங் கொஞ்சமாகச் சாவதே இந்நோய். தபால்காரன் இல்லாமற் போனால் கடிதம் எழுதுகிறவனும் வாங்குகிறவனும் இருந்து என்ன பயன்? உத்தரவு வராத தசை துடித்து, மெலிந்து, சூம்பிப் போகிறது.

ஒருவருக்குச் சட்டைப் பொத்தான் போட விரல் வராது. ஒருவருக்குச் செருப்பு காலிலிருந்து நழுவும். ஒருவருக்குப் பேச்சுக் குழறும். பெரும்பாலும் வலியில்லாமல் தொடங்குவதால் யாரும் லட்சியம் செய்வதில்லை. இன்ன நோய் என்று முடிவு கட்டுவதற்குள்ளாகவே அநேகமாய் ஒரு வருஷம் கழிந்து விடுகிறது. பிறகு கை, கால், பேச்சு, விழுங்குதல் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் குறைந்து, கடைசியில் மூச்சுத் தசைகளும் ஓய்கின்றன. நோய் தொடங்கியதிலிருந்து 2 முதல் 5 வருஷம் வரையில்தான் பெரும்பாலோருக்குக் காலம். பத்தில் ஒருவர் 10 வருஷத்தைத் தாண்டுவதும் உண்டு.

ஆனால் ஒன்று. தொடு உணர்ச்சி போவதில்லை. கண்ணசைவு பெரும்பாலும் கெடுவதில்லை. சிலருக்கு நினைப்பிலும் நடத்தையிலும் மாறுதல் ஏற்பட்டாலும், பலருக்கு அறிவு தெளிவாகவே இருக்கிறது. அதாவது வீட்டில் நடப்பதெல்லாம் தெரியும். பேசுகிறதெல்லாம் காதில் விழும். பதில் சொல்ல மட்டும் வாய் வராது. கட்டிலைச் சுற்றி நின்று கொண்டு “இவர் போவதற்குள்” என்று பேசுகிற உறவினர்கள் இதைக் கொஞ்சம் கவனத்தில் வைத்துக் கொள்ள வேண்டுகிறோம்.

இந்நோயைப் பிரித்தறிந்து 1869-ம் வருஷத்தில் உலகத்துக்குச் சொன்னவர் பாரிஸ் நகரத்து டாக்டர் ஷார்க்கோ. அவர் சாமி வந்து ஆடிச் சொல்லவில்லை. நோயாளிகள் உயிரோடிருக்கும்போது அவர்களுடைய நடையையும் தசையையும் குறித்து வைத்து, இறந்த பிறகு முதுகுத் தண்டை அறுத்துப் பார்த்துச் சொன்னார். நம் சென்னையிலும் 1970-ம் வருஷத்தில் டாக்டர்கள் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி ஆகிய மூவரும், இதே குடும்பத்தைச் சேர்ந்த நோய் இளவயதினருக்கு ஒரு தனி மாதிரியாக வருவதைக் கண்டெழுதினார்கள். காது கேளாமையும் சேர்ந்து வரும் அந்த மெதுவான வகைக்கு இன்று உலகத்து வைத்திய நூல்களில் “மதராஸ் மோட்டார் நியூரான் நோய்” என்றே பெயர். நம் ஊர்ப் பெயர் வைத்திய உலகத்தில் ஏறியது கவனித்துப் பார்த்ததனாலேயொழிய, கற்பூரம் கொளுத்தியதனால் அல்ல.

பாவமாம், பரிகாரமாம்!

நோய் இன்னதென்று தெரிந்தவுடனே நம் வைதிகர்கள் கேட்கிற முதல் கேள்வி “எந்த ஜன்மத்துப் பாவமோ?” என்பதாகும். அமெரிக்காவில் லூ கெரிக் என்று ஒரு பந்தாட்டக்காரர் இருந்தார். ஓர் ஆட்டமும் தவறாமல் தொடர்ச்சியாக 2130 ஆட்டங்கள் ஆடியவர். 1939-ம் வருஷத்தில், தமது 36-வது பிறந்த நாளன்று, தமக்கு வந்திருப்பது இந்நோய் என்று அறிந்தார். 1941-ல் மாண்டார். அவர் பிறந்த ஊரில் பூர்வ ஜன்மம் என்ற சரக்கே விற்பனையில் கிடையாதே! பிறகு எந்தக் கணக்கிலிருந்து அவருக்குப் பாவம் பற்று எழுதப்பட்டது?

சரி, நாத்திகருக்குத் தண்டனை என்று சொல்லுவார்களோ? இங்கிலாந்து தேசத்து விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங், கடவுள் இல்லையென்று வெளிப்படையாய்ச் சொன்னவர். 1963-ல், 21-வது வயதில், இந்நோய் கண்டு டாக்டர்கள் அவருக்கு இரண்டு வருஷம் கெடு சொன்னார்கள். கெடு முடிய வேண்டிய 1965-ல் அவர் கல்யாணம் செய்து கொண்டார். மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பனானார். 1985-ல் தொண்டையில் துளை போட்டதால் பேச்சு போயிற்று; இயந்திரத்தின் வாயால் பேசினார். 2001-ல் நம் நாட்டுக்கும் வந்து பம்பாயிலும் டில்லியிலும் சொற்பொழிவு நிகழ்த்தினார். 2018-ல் 76-வது வயதில்தான் இறந்தார். இது தண்டனையானால், 55 வருஷ காலம் தண்டனையை நிறைவேற்றத் தெரியாமல் விழித்துக் கொண்டிருந்த நீதிபதியைப் பற்றி நாம் என்ன சொல்லுவது? ஆனால் எல்லோரும் ஹாக்கிங்கைப் போல் வாழலாமென்று நாம் சொல்ல வரவில்லை. அது மிக அபூர்வம். அபூர்வத்தைக் காட்டி நம்பிக்கை விற்பதும் ஒருவகை ஜோசியமேயாகும்.

நிற்க, பரிகாரத்துக்கு வருவோம். நமது செஞ்சிக்கு அதிக தூரமில்லாத மேல்மலையனூரில் அமாவாசைதோறும் இரவு முழுதும் அங்காளம்மன் ஊஞ்சலுக்குக் கூடுகிற ஜனத்தை வாசகர்கள் அறிவார்கள். பில்லி, சூனியம், பேய் என்று சொல்லி அங்கு அழைத்து வரப்படுகிறவர்களில் எத்தனை பேருக்கு நரம்பு வியாதி, எத்தனை பேருக்கு மனோவியாதி என்று யார் கணக்கெடுத்தார்கள்? கூடுகிற ஜனங்களை நாம் குறை சொல்லவில்லை. கஷ்டப்படுகிறவன் எந்தக் கதவையும் தட்டத்தான் செய்வான். கதவுக்குப் பின்னால் ஆளில்லை என்று தெரிந்தும் சொல்லாமல், வாசலில் உண்டியல் வைக்கிறவன் மேல்தான் நமது குறை.

தலையில் தண்ணீர் ஊற்றிக் கொள்ளுவதிலேகூட இரண்டு விதம் உண்டு. ஒரு விதம், தோஷம் கழிய மந்திரித்த தண்ணீரை ஊற்றிக் கொண்டு காணிக்கை வைத்துவிட்டு வருவது. மற்றொரு விதம், 2014-ம் வருஷத்தில் அமெரிக்காவில் தொடங்கி உலகமெல்லாம் பரவியது. இந்த ஏ.எல்.எஸ். நோயின் பெயரால் ஜனங்கள் ஐஸ் தண்ணீரைத் தலையில் கொட்டிக் கொண்டு, ஆராய்ச்சிக்கும் நோயாளிகளுக்கும் பணம் கொடுத்தார்கள். அமெரிக்க ஏ.எல்.எஸ். சங்கம் ஒன்றுக்கு மட்டும் சில வாரங்களில் 11 கோடி டாலருக்கு மேல் சேர்ந்தது. அந்தப் பணத்தின் உதவியோடு நடந்த ஆராய்ச்சியில் 2016-ல் இந்நோயோடு சம்பந்தப்பட்ட புதிய மரபணு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதுவும் தண்ணீர்தான், இதுவும் தண்ணீர்தான். ஒன்று மரபணுவைக் கண்டுபிடித்தது. மற்றது ஜலதோஷத்தைக் கண்டுபிடித்தது.

வைத்தியத்தால் இந்நோய் தீருமா என்றால், இன்றைய வரையில் தீராது என்பதே உண்மை. 1995-ல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட ரிலூசோல் என்ற மாத்திரை ஆயுளைச் சில மாதங்கள் நீட்டுகிறது. 2023-ல் வந்த டோஃபெர்சென் என்ற மருந்து, ஒரு குறிப்பிட்ட மரபணுக் கோளாறுள்ள மிகச் சிலருக்கே உரியது. இரவில் மூக்கில் மாட்டிக் கொள்ளுகிற மூச்சுக் கருவி பலருக்கு ஆயுளையும் தூக்கத்தையும் கொடுக்கிறது. விழுங்க முடியாதபோது வயிற்றில் குழாய் வைத்து ஆகாரம் கொடுக்கலாம். இவையெல்லாம் சின்ன உதவிகள்தான். ஆனால் விஞ்ஞானம் கொடுப்பது சிறிதானாலும் அளந்து கொடுக்கிறது. பரிகாரக்காரன் அளவில்லாமல் வாக்களித்து ஒன்றும் கொடுப்பதில்லை.

இரண்டு கட்சி உறவினர்கள்

இவ்வளவையும் நாம் ஏட்டைப் பார்த்து மட்டும் எழுதவில்லை. நமக்கே இந்நோய் கண்டு இரண்டாவது வருஷம் நடக்கிறது. இடது கை உபயோகத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டது. கிராமங்கள்தோறும் மேடையேறி இரண்டு மணி, மூன்று மணி நேரம் கத்திய தொண்டை, இப்போது நாலு வாக்கியத்துக்குள் இளைக்கிறது. சுமார் 800 அடி உயரமுள்ள ராஜகிரிக் கோட்டைக்கு வாலிபத் தோழர்களோடு பேசிக் கொண்டே ஏறியவர்கள் நாம். இன்று வாசற்படி நமக்கு ராஜகிரியாக இருக்கிறது. இதைப் பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை. நமது மகளுக்கு வருகிற வருஷம் கல்யாணம் என்பதாலும், அதைச் சுற்றி நடக்கிற வேடிக்கை நம் ஒரு வீட்டோடு நிற்பதல்ல என்பதாலும் சொல்லுகிறோம்.

மகள் படித்துக் கொண்டிருக்கிறாள். கடைசி வருஷப் பரீட்சை பாக்கியிருக்கிறது. துணைவரைத் தானே தெரிந்தெடுத்துக் கொண்டாள். பரீட்சை முடிந்து, ஒரு வேலையிலும் சேர்ந்த பிறகு கல்யாணம் என்று இருவரும் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். இதில் நமக்கோ, நமது துணைவியாருக்கோ ஆட்சேபணை ஒன்றுமில்லை. ஆட்சேபணையெல்லாம் உறவினர்களுக்குத்தான். அவர்களும் இரண்டு கட்சியாக இருக்கிறார்கள்.

ஒரு கட்சியார், “பெண்ணுக்கு இன்னும் குருபலன் வரவில்லை, அவள் ஜாதகம் தகப்பனுக்கு ஆகாத ஜாதகம், அதனால்தான் இவருக்கு இப்படி வந்தது, பரிகாரம் செய்யாமல் கல்யாணப் பேச்சை எடுக்காதே” என்கிறார்கள். நாம் அவளுக்கு ஜாதகமே எழுதவில்லை! இல்லாத ஜாதகத்தைப் பார்த்துப் பலன் சொல்லுகிற சாமர்த்தியத்தை நாம் மெச்சத்தான் வேண்டும். ஜாதகம் இருந்ததாகவே வைத்துக் கொண்டாலும் கணக்கு என்ன ஆகிறது? நட்சத்திரம் 27. ஆகவே சுமார் 27 பெண்களில் ஒருத்தி ஒரே நட்சத்திரக்காரியாக இருப்பாள். இந்நோயோ ஒரு வருஷத்தில் லட்சம் பேரில் ஓரிருவருக்கு வருவது. நட்சத்திரம் காரணமானால், தெருவுக்கு இரண்டு தகப்பன்மார் படுத்த படுக்கையாயிருக்க வேண்டுமே! ஒன்றுமறியாத ஒரு பெண்ணின் தலையில், “உன் தகப்பனை நீதான் படுக்க வைத்தாய்” என்ற பழியைப் போடுகிற சாஸ்திரம், உண்மையா பொய்யா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும்; அது மனிதத்தன்மை உடையதா என்று கேட்கிறோம்.

சகுனத்தின் கதை செஞ்சிக்காரர்களுக்குத் தெரியாததல்ல. தேசிங்குராஜன் 1714-ல் ஆர்க்காட்டு நவாபோடு சண்டைக்குப் புறப்படுமுன் சிங்கவரத்து ரங்கநாதரிடம் உத்தரவு கேட்டதாகவும், சாமி போக வேண்டாமென்று முகத்தைத் திருப்பிக் கொண்டதாகவும், அதை மீறிப் போனதால் மாண்டதாகவும் கதை சொல்லுகிறார்கள். தேசிங்கு தோற்றது ஒரு சிறு படையை வைத்துக் கொண்டு நவாபின் பெரும் படையை எதிர்த்ததனால். சாமி முகத்தை நேராக வைத்திருந்தால் நவாபின் குதிரைகள் பாதியாகக் குறைந்திருக்குமா? காரணம் கண்ணெதிரே நிற்கும்போது அதை விட்டுவிட்டுக் கல்லின் கழுத்தைப் பார்க்கிற புத்திதான், நரம்பணு சாவதை விட்டுவிட்டு நட்சத்திரத்தைப் பார்க்கச் சொல்லுகிறது.

“கண்ணால் பார்த்துவிட்டுப் போக வேண்டாமா?”

இரண்டாவது கட்சியார் நம்மிடம் மிகுந்த அன்புள்ளவர்கள். ஆகையால்தான் இவர்களுக்குப் பதில் சொல்லுவது கஷ்டமாயிருக்கிறது. இவர்கள் சொல்லுவது, “பரீட்சையும் வேலையும் எங்கே போகிறது? இந்தத் தை மாதத்திலேயே முடித்துவிடு. மகள் கல்யாணத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போக வேண்டாமா?” என்பதாகும்.

நமக்கு அந்த ஆசையில்லை என்று சொன்னால் அது பொய். ஆசை இருக்கிறது. வருகிற வருஷம் அந்த நாளில் நாம் நாற்காலியில் இருப்போமா, கட்டிலில் இருப்போமா, இருப்போமா என்பதே நிச்சயமில்லை என்பதும் தெரிந்தே இருக்கிறது. ஆனால் ஆசை நம்முடையது, நாள் அவளுடையது. நம் ஆசைக்காக அவள் நாளை எடுத்துக் கொள்ள நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது? பெண்ணைத் தகப்பன் சொத்தென்று எண்ணித் தானம் செய்கிற கன்னிகாதானப் புத்தியல்லவா அது? “பாரத்தை இறக்கி வைத்துவிட்டுக் கண்ணை மூடு” என்கிறார்கள். இருபது வயதைத் தாண்டி, படித்து, சொந்தக் காலில் நிற்கப் போகிற ஒருத்தி யாருக்குப் பாரம்? இப்போது நம் வீட்டில் பாரம் என்று யாராவது உண்டானால் அது நாம்தான். நம்மைத்தான் மற்றவர்கள் தூக்கி உட்கார வைக்கிறார்கள்.

மேலே சொன்ன தேசிங்கு மாண்டபோது அவன் மனைவி உடன்கட்டை ஏறியதாகக் கதை சொல்லுகிறது. ஒரு ஆண் செத்தால் அவனோடு ஒரு பெண்ணின் உயிரும் போக வேண்டுமென்பது அன்றைய வழக்கம். ஒரு ஆண் சாகப் போகிறானென்றால் அவனுடைய திருப்திக்காக ஒரு பெண்ணின் படிப்பு போக வேண்டுமென்பது இன்றைய அன்பு. அளவு குறைந்திருக்கிறதே தவிர, தத்துவம் மாறியிருக்கிறதா?

அன்றியும், இந்த அவசரத்துக்கு உள்ளே ஒளிந்திருக்கிற உண்மையான காரணம் வேறொன்று. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லுவதில்லை. நாம் இருக்கும்போதே கல்யாணம் நடந்தால் பெண்ணின் தாய் “சுமங்கலி”யாக மணமேடையில் நிற்பாள். நாம் போன பிறகு நடந்தால் அவள் “விதவை”, மேடைக்கு வரக்கூடாது, மாலையைத் தொடக்கூடாது, மகளுக்குப் பொட்டு வைக்கக்கூடாது, சமையல்கட்டுப் பக்கத்தில் ஒதுங்கி நின்று எட்டிப் பார்க்கலாம். அதோடு, சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்கு நல்ல காரியமே கூடாது என்பதும் சேர்ந்து கொள்ளுகிறது. ஆகவே இவர்கள் நமது சாவுக்குப் பயப்படவில்லை. நமது சாவுக்குப் பிறகு தாங்களே அந்தத் தாய்க்குச் செய்யப் போகிற அக்கிரமத்துக்குப் பயப்படுகிறார்கள். அக்கிரமத்தை நிறுத்தினால் அவசரமும் நின்றுவிடாதா?

இரவில் எத்தனை முறை எழுந்து நம்மைப் புரட்டிப் படுக்க வைக்கிறவர், எச்சில் துடைக்கிறவர், மூச்சுக் கருவியின் முகமூடியைச் சரி செய்கிறவர், அதோடு காலையில் பிழைப்புக்கும் போகிறவர் நமது துணைவியார். நம் மூச்சு நின்ற அந்த நிமிஷத்திலேயே அவர் அபசகுனமாகிவிடுவார் என்று சொல்லுகிற மதத்தை நாம் மதிக்க வேண்டுமாம்! நாம் நமது மகளிடமும், மாப்பிள்ளைத் தோழரிடமும், இயக்கத் தோழர்களிடமும் சொல்லிவிட்டோம்: நாம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கல்யாண நாள் மாறக்கூடாது. மேடையில் மாலையை எடுத்துக் கொடுக்க வேண்டியவர் தாயார். அவர் அன்றைக்கு விருப்பப்பட்ட நிறத்தில் சேலை கட்டிக் கொள்ளுவார். முதல் வாரம் நாம் போய், அடுத்த வாரம் கல்யாணம் என்றாலும் இதுவே நமது விருப்பம்.

சட்டம் நம் பக்கம்

இப்படியெல்லாம் செய்தால் கல்யாணம் செல்லுமா என்று கேட்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. புரோகிதரும் சடங்கும் இல்லாத முதல் சுயமரியாதைக் கல்யாணம் 1928-ம் வருஷம் மே மாதம் 28-ந் தேதி அருப்புக்கோட்டைக்கு அடுத்த சுக்கிலநத்தத்தில் நடந்தது. 1953-ல் சென்னை ஹைகோர்ட், சடங்கில்லாத அத்தகைய கல்யாணம் சட்டப்படி செல்லாதென்று தீர்ப்புச் சொன்னது. அண்ணாதுரை அவர்கள் முதல் மந்திரியானதும் 1967-ல் இந்து விவாகச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்க்க ஏற்பாடு செய்தார். அது 1968 ஜனவரியில் அமுலுக்கு வந்தது. அடுத்த வருஷம் பிப்ரவரி 3-ந் தேதி அவர் புற்றுநோயால் மாண்டார். தமக்கிருந்த சொற்ப காலத்தில் அவர் நல்ல நாள் பார்த்துக் கொண்டிருந்திருந்தால் இந்தச் சட்டம் என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தப் பிரிவின்படி இந்துச் சட்டத்துக்குட்பட்ட இருவர், உறவினர் அல்லது நண்பர் அல்லது வேறு ஆட்கள் முன்னிலையில், ஒருவரையொருவர் ஏற்றுக் கொள்ளுவதாகத் தங்களுக்குத் தெரிந்த பாஷையில் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றிக் கொண்டாலும், மோதிரம் போட்டுக் கொண்டாலும், தாலி கட்டினாலும் போதும். புரோகிதர் தேவையில்லை. 2023 ஆகஸ்டு மாதத்தில் சுப்ரீம் கோர்ட், இத்தகைய கல்யாணத்தை ஊரறிய விளம்பரம் செய்து நடத்த வேண்டிய கட்டாயமும் இல்லையென்று தெளிவாக்கிவிட்டது. தமிழ்நாட்டின் 2009-ம் வருஷத்துச் சட்டப்படி 90 நாட்களுக்குள் பதிவு செய்து கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

இந்தச் சட்டம் நோயாளியுள்ள வீட்டுக்கு எவ்வளவு சௌகரியம் என்று பாருங்கள். வைதிகக் கல்யாணம் விடியற்காலை நாலரை மணிக்கு, அதாவது நோயாளி மூச்சுக் கருவியோடு கொஞ்சம் கண்ணயர்கிற நேரத்தில் நடக்கும். தகப்பன் தரையில் சம்மணமிட்டு உட்கார வேண்டும். ஓமப் புகை கண்ணையும் தொண்டையையும் அடைக்கும். நல்ல நுரையீரலே இருமுகிற புகையில், ஓய்ந்த நுரையீரல் என்ன செய்யும்? நமது மகளின் கல்யாணத்துக்கு ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணி என்று பேசியிருக்கிறோம். அன்று பலருக்கும் விடுமுறை, வெயில் தணிந்திருக்கும், நமக்கும் பகல் தூக்கம் முடிந்து மூச்சு ஒரு நிலையில் இருக்கும். அது ராகுகாலம் என்கிறார்கள். ராகுவுக்கு வேலையில்லாவிட்டால் அவரும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

வாழ்த்துரையையும் முன்கூட்டியே பதிவு செய்து வைத்துவிட்டோம். அன்று பேச்சு வராவிட்டால் இயந்திரம் பேசும். அதில் சாவைப் பற்றி ஒரு வார்த்தையும் கிடையாது. சமையல் இருவருக்கும் பொது என்பதும், வரவு செலவுக் கணக்கு இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டுமென்பதும், கடன் வாங்கிப் பண்டிகை கொண்டாடக் கூடாதென்பதும்தான் இருக்கிறது.

சம்பந்தி வீட்டாருக்கு

மற்றொரு சங்கதியையும் ஒளிக்காமல் பேசிவிட வேண்டும். “தகப்பனுக்கு இப்படிப்பட்ட நோய், பெண்ணுக்கும் வருமோ?” என்று சம்பந்தி வீட்டார் பயப்படுவதுண்டு. இந்தக் கேள்வி தப்பானதல்ல. ஜாதகத்தைக் கேட்பதைவிட இது ஆயிரம் மடங்கு யோக்கியமான கேள்வி. இது தொத்துநோய் அல்ல. நூற்றில் சுமார் 90 பேருக்குக் குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லாமலே வருகிறது. மீதி 10 பேருக்குத்தான் பரம்பரையாக வருவதாகத் தெரிகிறது. குடும்பத்தில் இரண்டு மூன்று பேருக்கு வந்திருந்தால், டாக்டரிடம் கேட்டு மரபணுச் சோதனை செய்வதைப் பற்றி யோசிக்கலாம். செய்து கொள்ளுவதும் செய்து கொள்ளாததும் அந்தப் பெண்ணின் இஷ்டம். இவ்வளவையும் மாப்பிள்ளைத் தோழரிடம் நாமே நேரில் சொன்னோம். அவர் கேட்டுக் கொண்டு, “மாமா, மண்டபத்தில் சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன்” என்றார். பத்துப் பொருத்தமும் பார்த்து வைக்கிற ஜோசியன் இந்தப் பதினோராவது பொருத்தத்தை எந்தக் கட்டத்தில் பார்ப்பான்?

செய்ய வேண்டியது

சர்க்காருக்கும் நாம் சொல்ல வேண்டியது உண்டு. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் கணக்கிட்டிருக்கிறது. அதில் தசைச் சிதைவுக்கும், பார்க்கின்சன் நோய்க்கும் பெயர் சொல்லி இடமிருக்கிறது. ஏ.எல்.எஸ்ஸுக்குப் பெயர் இல்லை. கைகால் முடக்கம், நாட்பட்ட நரம்பு நோய் என்ற பொதுத் தலைப்புகளில்தான் புக வேண்டியிருக்கிறது. நாளுக்கு நாள் தேய்கிற நோயாளியைச் சான்றிதழுக்காகத் திரும்பத் திரும்ப அலைய விடாதபடி, பெயரைத் தெளிவாகச் சேர்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு மாதம் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டம், வீட்டுக்கே போய் உடற்பயிற்சி வைத்தியமும் ஆதரவுச் சிகிச்சையும் செய்வதை ஏற்றுக் கொண்ட திட்டம். அந்த வழியில் மூச்சுக் கருவியும் ஏழையின் வீட்டுக்கு வரவேண்டும்.

தோழர்களுக்குச் சொல்லுவது: கையோ காலோ நாக்கோ காரணமில்லாமல் தளர்ந்தால், மந்திரிக்கிறவனிடம் ஒரு அமாவாசையைக்கூட வீணாக்காமல் நரம்பு டாக்டரிடம் போங்கள். நம் பக்கத்தாருக்கு முண்டியம்பாக்கத்தில் சர்க்கார் மருத்துவக் கல்லூரியும், புதுச்சேரியில் ஜிப்மரும் இருக்கின்றன. பேச்சு இருக்கும்போதே பேச வேண்டியதைப் பதிவு செய்து வையுங்கள். கழுத்தில் துளையும், வயிற்றில் குழாயும் வேண்டுமா வேண்டாமா என்பதை நீங்களே யோசித்து, வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி எழுதி வையுங்கள். பரிகாரத்துக்கு வைத்த பணத்தை, இரவில் கண் விழிக்கிறவருக்கு ஓய்வு கொடுக்க ஒரு ஆள் வைப்பதற்குச் செலவிடுங்கள். பிள்ளைகளின் கல்யாணத்துக்கு ஆவலோடு காத்திருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாமும் அப்படித்தான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையாக எண்ணிக் கொண்டிருக்கிறோம். ஆனால் உங்கள் நோயைக் காட்டிப் பிள்ளைகளின் நாளைப் பறித்துக் கொள்ளாதீர்கள். நட்சத்திரத்துக்கு இல்லாத அந்த அதிகாரம் நோய்க்கும் கிடையாது.

கடைசியாக ஒன்று. உங்கள் ஊரில் எந்தக் கல்யாணத்திலாவது, கணவனை இழந்த ஒரு தாய் சமையல்கட்டுப் பக்கம் ஒதுங்கி நிற்பதைக் கண்டால், யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் அவரை அழைத்து வந்து மேடையில் நிறுத்துங்கள். அதற்கு எல்லா நேரமும் நல்ல நேரமேயாகும்.